பதினேழாம் எண் மரம்

பூர்சா நகராட்சிப் பதிவேட்டில்
அந்தச் சினாரின் பெயர் பதினேழு.
வயதுக் கட்டத்தில் யாரோ
ஐந்நூறு என்று எழுதி, அடித்து,
அறுநூறு என்று எழுதி,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறார்கள்.

அதன் வயிற்றில் சிமெண்ட் இருந்தது.

எழுபத்து நான்கில் ஊற்றியது.
பொந்து விழுந்த மரங்களையெல்லாம்
சொத்தைப் பல்லைப் போல அடைத்த காலம்.
அடைத்தால் பிழைக்கும் என்று
எல்லோரும் நம்பினார்கள், படித்தவர்களும்.
இப்போது நாங்கள் வேறொன்றை நம்புகிறோம்:
சிமெண்ட் அசையாது, மரம் அசையும்,
நடுவில் விழும் கீறலில் மழை இறங்கி
வெளியே வர வழி தெரியாமல்
அங்கேயே இருந்து அழுகும்.

ஆகவே உளி, சுத்தியல், சின்னத் துளைப்பான்,
நானும் நெர்மினும்,
பதினொரு நாள்.

எதிரே தேநீர்க்கடை வைத்திருக்கும் ருஸ்தெம்
முதல் நாளே சண்டைக்கு வந்தார்.
"அதை எடுத்தால் மரம் என் கூரைமேல்தான் சாயும்,
காசு யார் தருவது, நீயா?"
அவர் கடைப் பந்தலின் கயிறு
மரத்தில் அடித்த ஆணியில்தான் தொங்கியது.
நெர்மின் ஆணியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள்.
பெரிய கிளைக்கு இரும்பு முட்டுக் கொடுத்தோம்.
மறுநாள் இரண்டு கோப்பைத் தேநீர் வந்தது,
கணக்கில் எழுதிக்கொண்டு.

மலையில் பனி உருகும் மாதம்.
சாக்கடைகள்கூடத் தெளிவாக ஓடின.

பட்டை நிறத்தில் பூசிய மேற்பூச்சு
ஒரே தகடாகப் பெயர்ந்து விழுந்தபோது
அடியில் எழுத்து.
ஈரம் காயும்முன் விரலால் எழுதியது:
இனிப் பயப்படாதே. ஹாலித். மே 9.
பக்கத்தில் ஒரு கைத்தடம்.
சுண்டுவிரல் இல்லாத கை.

நெர்மின் தன் கையை அதில் வைத்துப் பார்த்தாள்.
பிறகு உளியை எடுத்தாள்.
எடுக்காமல் இருக்க முடியாது.
கைத்தடத்துக்குப் பின்னால்தான்
கறுத்து, புளித்து, பஞ்சாய்க் கிடந்தது மரம்.

நான்கு டன் என்றது லாரியின் எடைச்சீட்டு.
ஐம்பது வருடம்
ஒருவனின் பிரியத்தைச் சுமந்துகொண்டு
ஒவ்வொரு ஏப்ரலிலும் துளிர்த்திருக்கிறது.

பொந்தை அப்படியே விட்டோம்.
உள்ளே ஒரு ஆள் நிற்கலாம்.
அன்று சாயங்காலம் காற்று நுழைந்து
ஒரு தணிந்த ஒலி எழுந்தது.
ருஸ்தெம் கடையிலிருந்து வெளியே வந்து
என்ன அது என்றார்.
மரம்தான் என்றேன்.
கை துடைக்கும் துண்டோடு
வெகுநேரம் அங்கேயே நின்றார்.

இன்னும் ஐம்பது வருடம் கழித்து
எங்கள் முட்டைப் பிடுங்க ஒருத்தி வருவாள்.
எங்களைத் திட்டுவாள்.
திட்டட்டும், மரம் இருந்தால் போதும்.

காலையில் போனபோது
பந்தல் கயிறு புதுக் கம்பம் ஒன்றில் இருந்தது.
ஆணி இருந்த இடத்தில்
விரல் நுழையும் துளை, ஓரமெல்லாம் ஈரம்.
ருஸ்தெம் எங்களைப் பார்த்துச் சிரித்தார்,
தேநீருக்குக் காசு வேண்டாம் என்றார்.

"பிடுங்கியிருக்கக் கூடாது" என்றாள் நெர்மின்,
"மரம் அதை எப்போதோ மூடிக்கொண்டுவிட்டது",
அவருக்குக் கேட்காதபடி.