அரைப்பேர்

கேள்வி பதினான்கு:
உங்கள் உடலிலிருந்து எடுத்த திசுவை
ஆராய்ச்சிக்குத் தந்தது
தானமா, விற்பனையா, கடமையா, தெரியாதா.
ஒரு கட்டத்தில் மட்டும் டிக் அடிக்க வேண்டும்.

கோத்தகிரிக்கு வெளியே நாலு கிலோமீட்டர்,
அரசுத் தேயிலைத் தோட்டத்தின் மூன்றாம் லயம்.
பொன்னழகு கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு
"தந்ததுன்னா?" என்றாள்.
"தந்தேனா, எடுத்தாங்களா, முதல்ல அதக் கேளு."

மண்ணீரல்.
கோயம்புத்தூரில் எடுத்தார்கள், ரெண்டு வருஷம் முந்தி.
எண்ணூற்றுப் பத்து கிராம் என்று சீட்டில் இருக்கிறது.
எடை அவளுக்குப் புரியும்.
முப்பது வருஷமாய்த் தராசுக்கு முன் நிற்கிறவள்.
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ரெண்டு என்று கழித்த பின்
மிஞ்சுவதைத்தான்
தான் பறித்தது என்று நம்பப் பழகியவள்.
"அதுல தண்ணிக்கு எவ்வளவு கழிச்சாங்க?"
சிரிக்காமல்தான் கேட்டாள்.

ஈட்டுத்தொகை என்ற இடத்தில்
பஸ் காசு, ஒரு டீ, ஒரு பன் என்று எழுதினேன்.
முந்தின நாள் பன் என்றாள்.

பிறகு அந்த வரி, தடித்த எழுத்தில்:
உங்கள் பெயர் நீக்கப்பட்டு எண் மட்டும் பயன்படுத்தப்படும்.
உங்கள் பாதுகாப்புக்குத்தான், என்று விளக்கினேன்.
கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள்.

"பேர் இல்லன்னா கூலி ஏது?
கண்டியில எங்கம்மா காலத்துலேருந்து அதான பேச்சு.
நாள் பூரா பறிச்சா ஒரு பேர்.
கிலோ குறைஞ்சா அரைப்பேர்.
மழைக்குப் பயந்து லயத்துக்குத் திரும்பிட்டா
பேரே விழாது.
நீ என்னடான்னா
பேர எடுத்துட்டோம், பயப்படாதேங்கற."

கப்பலில் வந்தபோது அவளுக்கு ஆறு வயது.
அப்போதும் ஒரு எண்தான், அட்டையில், அப்பன் பேருக்குக் கீழே.

கறை ஏறிய விரல்களை மடக்கி அவளே கணக்குப் போட்டாள்:
"கொழுந்து கம்பெனிக்கு. செடி அவங்களோடது. எனக்குப் பறிகூலி.
சரி, ஞாயம்னே வச்சுக்க.
இதுல செடி நான்.
பறிச்ச டாக்டருக்குக் கூலி உண்டு.
அரைச்சுப் பாத்தவங்களுக்கு உண்டு.
பெட்டி தூக்கினவனுக்கும் உண்டு.
செடிக்கு?
தோட்டத்துலயாச்சும் உரம் போடுவாங்க."

தானம் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள்.
அரவேணுவில் போஜன், ரெண்டு ஏக்கர்க்காரர்,
குடல் துண்டுக்குக் காசு கேட்பது
விருந்தாளிக்குப் பில் போடுவது மாதிரி என்றார்.
டிக் அடிக்க எளிதாக இருந்தது. காபியும் கொடுத்தார்.

கீழே குஞ்சப்பனைச் சரிவில் நஞ்சன்,
அரிவாள் செல் ரத்தம் அவனுக்கு,
மிளகைக் காயப்போட்டபடியே பேசினான்.
"என் ரத்தம் மட்டும்னா என்கிட்ட கேளுங்க.
ஊரு பூரா இந்த ரத்தம்னுதான ஏறி இறங்குறீங்க,
அப்ப ஊரைக் கூட்டிக் கேளுங்க.
காசு வந்தா யாரு வாங்குறதுன்னு சண்டை வரும்.
வரட்டும்.
அது எங்க சண்டை."
அவனுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பொன்னழகு என்னைக் கேட்டாள்: உனக்கு எவ்வளவு?
நிரப்பின தாளுக்கு நூற்றிருபது.
"பறிகூலிதான்" என்றாள், கோபமில்லாமல்,
பக்கத்து நிரையில் நிற்கிறவளிடம் சொல்வது போல.

கிளம்பும்போது, கதவைப் பாதி சாத்தியபடி:
"அது இப்ப எங்க இருக்கு?"
குளிர்பெட்டியில். பூஜ்யத்துக்குக் கீழே எண்பது.
தை மாதம். பள்ளத்துச் செடிகள்
உறைபனி பட்டுச் சிவந்து நின்றன.
அந்தப் பக்கம் பார்த்தாள்.
"கருகிடாதா?"
கருகாது என்றேன்.
எனக்கும் சரியாகத் தெரியாது.

பஸ்ஸில் தாளைப் பிரித்தேன்.
பதினான்கு வெறுமையாய் இருந்தது.
ஒரு கேள்வி விட்டுப்போனாலும்
பாதிதான் தருவார்கள்.