கானி

மதியச் சோற்றுக்கு முந்தின பாடவேளை.
சாம்பார் கொதிக்கும் வாசம்
ஐந்தாம் வகுப்புச் சன்னலில் ஏறி உட்கார்ந்துவிட்டது.
கரும்பலகையில் எழுதுகிறேன்:
மழை பெய்தது. குடை இல்லை.
"இது ரெண்டையும் ஒண்ணாச் சேருங்க."

பத்தொன்பது பேர்.
வீட்டில் தெலுங்கு பதினொன்று, கன்னடம் நான்கு,
மிச்சம் தமிழ்.
சண்டை என்று வந்தால்
எல்லாருக்கும் மூன்றும் வரும்.

'உம்'மை முந்தின நாளே
காலண்டர் அட்டையில் வெட்டி எடுத்து வந்திருந்தேன்.
முதல் அட்டையைக் கையில் கொடுத்து
"நவ்யஸ்ரீயும்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.
வகுப்பு பொறுக்கவில்லை:
"இன்னும் யாரு டீச்சர்?"
அவ்வளவுதான் பாடம்.
உம் போட்டால்
பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டாக வேண்டும்.
கௌதமியும் முனிரத்னாவும் சீனப்பாவும் என்று
வரிசை நீண்டு
கடைசி பெஞ்சு வரை போனது.
பதினெட்டோடு அட்டை தீர்ந்தது.
"எனக்கு உம் இல்லியா?" என்றான் பைரேஷ்.
எண்ணத் தெரியாத டீச்சர்
சாக்பீஸ் டப்பாவின் மூடியைக் கிழித்தாள்.

அல்லதுவை யாரும் சட்டை செய்யவில்லை.
இட்லி அல்லது தோசை என்றால் சிரிக்கிறார்கள்.
"இருக்கறதே ஒண்ணு,
அதுக்கெதுக்கு அல்லது?"

அப்புறம் ஆனால்.
முனிரத்னா எழுந்து, பின்னலைக் கடித்துக்கொண்டே,
"எங்களுக்குக் காணி இருக்கு, கானி தண்ணி இல்ல."
ஒரே சொல்லை இருமுறை சொல்கிறாள் என்று
திருத்தப் போனேன்.
பதினோரு வாய்கள் என்னைத் திருத்தின:
முதல் காணி நிலம், டீச்சர்.
ரெண்டாவது கானி, ஆனால்.
முதலில் நாக்கு மடியும்,
அடுத்ததில் மடியாது.
தர்மபுரியில் பிறந்த என் நாக்கை
மடித்தும் மடிக்காமலும்
நான் சொல்லிப் பார்த்தபோது
சமையலக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வேப்பனப்பள்ளி தாண்டினால்
ஒரு பக்கம் ஆந்திரா, ஒரு பக்கம் கர்நாடகா.
பஸ் போர்டில் எழுத்து மாறும்.
சோதனைச் சாவடியில்
மாங்காய் லாரி மணிக்கணக்கில் நிற்கும்.
கானியை யார் நிறுத்துவது?
பலகையில் ஆனாலுக்குப் பக்கத்தில்
அதையும் எழுதினேன்.
மேலதிகாரி வருவதற்குள் அழித்துவிடலாம்.

கடைசியாக நோட்டில் ஒரு பயிற்சி.
பொருத்தமான சொல்லால் இணைத்து எழுதுக:
அப்பா பெங்களூரில் இருக்கிறார்.
அம்மா மாங்கூழ் கம்பெனிக்குப் போகிறார்.
நானே யோசித்த வாக்கியம்.
பாதி வகுப்பின் வீடு அதுதான் என்பது
எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது.

நவ்யஸ்ரீ 'ஆனால்' போட்டாள்.
சீனப்பா 'ஆகவே'.
கௌதமி அப்பாவுக்கும் அம்மாவுக்கும்
ஒவ்வொரு உம் கொடுத்து
இருவரையும் வேலைக்கு அனுப்பிவிட்டாள்.
எல்லாம் சரி. எல்லாவற்றுக்கும் சிவப்பில் சரி.

பைரேஷ் ஒன்றுமே போடவில்லை.
இரண்டு வாக்கியங்களையும் அப்படியே எழுதி
நடுவிலிருந்த முற்றுப்புள்ளியைப்
பென்சிலால் அழுத்தி அழுத்தி
அடுத்த பக்கம் தெரியும்வரை ஓட்டை போட்டிருந்தான்.
"ஏன்டா, சேர்க்கலையா?"
"சேரல டீச்சர்."

அதற்குள் மணி அடித்துவிட்டது.
இன்றைக்கு முட்டை.
தட்டும் டம்ளரும் எல்லாமும்
கதவில் முட்டிக்கொண்டு வெளியேற,
சட்டைப் பையில் அந்த மூடித் துண்டு
துருத்திக்கொண்டிருக்க அவனும் ஓடினான்.

நாலு இருபது பஸ்.
மடியில் பத்தொன்பது நோட்டுகள்.
பதினெட்டு முடிந்தது.
விடைக்குறிப்பின்படி
இதற்குச் சுழியம்தான் போட வேண்டும்.
பேனா மூடியைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்,
கானி