தனியாளுக்குப் படகு இல்லை

முதல் வாரம் கைக்கடிகாரத்தைத் திருப்பவில்லை.
தைப்பிங்கில் ஏழு என்றால்
ஏற்காட்டில் நாலரை.
விடுதியில் எனக்கு முன்னால் விழித்திருந்தவை
சில்வர் ஓக் மரங்களும்
தண்ணீர்த் தொட்டி மோட்டாரும்தான்.

கோடை முகாமில் ஆங்கிலம் பேசச் சொல்லித்தர
ஏழு வாரத்துக்கு வந்தவள்.
பிள்ளைகளுக்கு நான் மலேசியா மிஸ்.
கோகிலவாணியை
சம்பளப் பதிவேடு மட்டும் வைத்துக்கொண்டது.

ஆசிரியர் அறையில் முதல் காலை
"பசியாறிட்டீங்களா?" என்றேன்.
நான்கு தலைகள் நிமிர்ந்தன.
கணக்கு டீச்சர் செங்கமலம்
டிபன் பாக்ஸை மூடிவிட்டு,
"ஏங்க, என்னைப் பாத்தா
பசியில கெடக்கற மாதிரியா தெரியுது?" என்றாள்.
சிரித்தார்கள்.
எங்கள் ஊரில் அது வெறும் காலை வணக்கம்.

பிறகு சில நாள்
தலையசைப்பு, புன்னகை, கதவருகே வழிவிடுதல்.
ஒரே மொழிதான்.
அதற்குள் அயலாளாக நிற்பதில் கூச்சம் அதிகம்:
மொழி தெரியாது என்று
சாக்குச் சொல்ல முடியாது.

ஞாயிறு ஏரியைச் சுற்றி நடந்தேன்.
தனியாளுக்கு மிதிபடகு இல்லையாம்.
"இன்னொரு ஆளைக் கூட்டியாங்க"
என்றார் சீட்டுக் கிழிப்பவர்,
பக்கத்துக் கடையில் கிடைக்கும் சாமான்போல.

இரண்டாம் சனிக்கிழமை
செங்கமலம் கதவைத் தட்டினாள்.
"சேலம் வர்றீங்களா? கொலுசுக்குக் கொக்கி மாத்தணும்.
தனியா போனா எனக்கு பஸ்ஸுல வாந்தி வரும்."

இருபது கொண்டை ஊசி வளைவுகள்.
மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்தோம்.
ஒவ்வொன்றிலும் என் தோளில் சரிந்து
ஒவ்வொன்றிலும் மன்னிப்புக் கேட்டாள்.
பன்னிரண்டாவதில்
மன்னிப்பை நிறுத்திவிட்டாள்.
தோளை எடுக்கவில்லை.

அஸ்தம்பட்டியில் இறங்கியபோது
என் ஸ்வெட்டரைப் பார்த்து
ஒரு ஆட்டோக்காரர் கும்பிட்டார்.

செவ்வாய்ப்பேட்டையில் கொக்கி மாற்றிய கையோடு
வண்டிக்கடையில் தட்டுவடை செட்.
இரண்டு தட்டுக்கு நடுவே
கேரட், பீட்ரூட், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி.
நாகரிகமாகக் கடித்தேன்.
முக்கால்வாசி சுடிதாரில் விழுந்தது.
"முழுசா வாயில போடணுங்க!"
முன்பின் தெரியாத கூட்டம் முழுக்க ஒரே குரலில்.
போட்டேன்.
வாய் நிறைந்திருந்ததால்
நான் எந்த ஊர் என்று
யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் கடிகாரத்தைத் திருப்பினேன்.
அதற்குள் நாங்கள் ஐந்து பேர்.
கேரம் பலகையில் பவுடரை வாரி இறைக்கும்
விளையாட்டு வாத்தியார் ஜெரின்,
தோற்றால் ஜெபிக்கப் போய்விடும்
வார்டன் ரோஸ்லின்,
வேதியியல் அர்த்தநாரி.

கோடை விழாக் கூட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது.
ரோஜாவில் செய்த மயிலுக்குக் கீழே ஒதுங்கினோம்.
ஜெரினின் ஒரு செருப்பு
இன்னமும் அங்கேதான் இருக்கிறது.

சிக்னல் கிடைப்பது
தண்ணீர்த் தொட்டிப் படியில் மட்டும்.
ஏழரைக்கு அம்மா கூப்பிடுவாள்.
அதே ஏழரைக்கு அர்த்தநாரிக்கும்
யாருடனோ பேச வேண்டியிருக்கும்.
ஒருநாள் இருவருக்குமே அழைப்பு வரவில்லை.
"அங்க இப்ப என்ன மணி?" என்றான்.
அவனுக்குத் தெரியும்.
"பத்து ஏழு," என்றேன்,
நிமிடம் பிசகாமல்.
அவ்வளவுதான் நடந்தது.
செங்கமலத்திடம் சொல்லவில்லை.
மறுநாள் என் தட்டில்
ஒரு ஆப்பம் கூடுதலாக வைத்தாள்.

கடைசி ஞாயிறு, படகுத்துறை.
நால்வர் படகுதான் காலியாக இருந்தது.
அதே சீட்டுக்காரர்
விரல்விட்டு எண்ணிவிட்டு,
"ஒருத்தர் அதிகம்," என்றார்.
யார் இறங்குவது என்று
கால் மணி நேரம் சண்டை.
பின்னால் வரிசை நீண்டது.

நான் இறங்கினேன்.
அவர்கள் போவதைக் கரையிலிருந்து
ஒருமுறை பார்க்க வேண்டும்போல் இருந்தது.
செவ்வாய்க்கிழமை அது அவர்கள் முறை.

படகு நேராகப் போகவில்லை.
ஜெரின் ஒரு பக்கம் மிதிக்க,
ரோஸ்லின் கண்ணை மூடிக்கொள்ள,
அர்த்தநாரி வேண்டுமென்றே வேறெங்கோ பார்க்க,
நடு ஏரியில் செங்கமலம் எழுந்து நின்று,
மொத்த ஏற்காடும் திரும்பிப் பார்க்கும்படி,

"பசியாறிட்டீங்களாஆஆ?"

சாயங்காலம் ஐந்தே கால்.
அந்தக் கேள்விக்கான நேரமே இல்லை.

"இன்னும் இல்லை!" என்று கத்தினேன்.