பத்தொன்பது

ஷார்ஜா, பதின்மூன்றாம் தொழிற்பேட்டை.
ஆகஸ்ட் மாதக் கிடங்கில்
கல்லுக்கு மட்டும் ஏசி.

எழுநூற்றுப் பத்துக் கிலோ.
வெளியே பைன் பலகை, உள்ளே நுரை,
அதற்கும் உள்ளே
ஆயிரத்து முந்நூறு வருஷம்.

பெட்டி மேல் ஒட்டிய தாளை
பிஜு சார் வாசித்துச் சொன்னார்:
மாயா நாகரிகம், மறைந்துபோன மக்கள்.
"மாயமாயிட்டாங்க, அதான் மாயா" என்றான் ஒருவன்.
"மயன்டா, பாண்டவருக்கு மாளிகை கட்டினவன்"
என்றான் இன்னொருவன்.
நான் ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
கழற்றியதைக் கணக்குக் காட்டவேண்டும்.

கல்லோடு கூடவே வந்திருந்தாள்
மிக்கயேலா தூம்.
குள்ளம். ஹெல்மெட் அவளைவிடப் பெரிது.
கல்லை விட்டு நகரமாட்டேன் என்று
அவள் நாட்டு அரசாங்கத்துக்குக்
கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.
தாளைப் பார்த்தாள்.
மறைந்துபோன என்பதைப் பேனாவால் அடித்தாள்.
"நான் எங்கே போனேன்?"
பிஜு சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பாதி ஆங்கிலம், மீதி கை.
அப்படித்தான் பேசினோம்.
இஞ்ஞாசி என்றேன் என் பெயரை.
தம்பி பெயரும் அதுதானாம், இக்னாசியோ.
எங்கள் கரையிலும் அவர்கள் கரையிலும்
யாரோ கப்பலில் வந்திறங்கித்
தலையில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள்.

மத்தியானம் கஃபட்டேரியாவிலிருந்து
கப்பில் அவித்த சோளம்.
இதற்கு உங்கள் மொழியில் என்ன என்றாள்.
மக்காச்சோளம்.
"மக்கா? இங்கே சாலை வழியே போகிறார்களே,
அந்த மக்காவா?"
எனக்குத் தெரியாது, அப்படித்தான் சொல்கிறோம் என்றேன்.
புரையேறும் வரை சிரித்தாள்.
பிறகு சொன்னாள்:
அந்த மாவைப் பிசைந்துதான்
தெய்வங்கள் எங்களைச் செய்தன.
சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைப்போம்,
இல்லாவிட்டால் உடம்பில் ஒட்டாது.
வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பை
அவளுக்கு விரலால் காட்டப் பார்த்தேன்.
முடியவில்லை.

சாயங்காலம் நுரையை உரித்தோம்.
மண்டியிட்ட ஒருவன்.
நெற்றியில் பட்டை,
பட்டையில் தொங்கி முதுகில் மூட்டை.
"மூட்டைக்குள்?"
"நாள்."
சக்கர வண்டியில்லை, மாடில்லை,
உப்பும் கொக்கோவும் நெற்றியில்தான் ஊர் கடந்தன.
காலமும் வேறெப்படி வரும்?
ஒருவர் இறக்கி வைப்பார்,
அடுத்தவர் நெற்றி கொடுப்பார்.
"டூட்டி மாறுது" என்றான்
ஃபோர்க்லிஃப்டிலிருந்து குல்சமான்.
பெஷாவர்க்காரன், கல்லைப் பார்த்து
ஒரு சல்யூட் அடித்தான்.

ஓரத்தில் புள்ளிகள், கோடுகள்.
புள்ளி ஒன்று, கோடு ஐந்து.
கையில் பத்து, காலில் பத்து.
எங்கள் மொழியில்
இருபதுக்கும் ஆளுக்கும் ஒரே சொல் என்றாள்.

கையுறையைக் கழற்றினேன்.
ஹம்ரியா துறைமுகம், சங்கிலி,
இடது கை மோதிர விரல்.
விரலுக்கு இத்தனை திர்ஹம் என்று
ஓர் அட்டவணை இருக்கிறது,
அந்தப் பணத்தில் தங்கைக்கு நர்சிங் சீட்டு.
ஐயோ என்று சொல்லவில்லை அவள்.
பெட்டி மூடியின் தூசியில்
மூன்று கோடு, மேலே நான்கு புள்ளி.
"பத்தொன்பது. இதற்குமேல் இந்த இடத்தில்
ஒன்றும் கொள்ளாது.
இன்னொன்று வந்தால் இங்கே சிப்பி,
புள்ளி மேல்தட்டுக்கு ஏறிவிடும்."
"சிப்பி என்றால்?"
"ஒன்றுமில்லை."

ஒன்றுமில்லைக்குச் சிப்பியா?
பிறகு யோசித்தால் சரிதான்.
இந்தக் கடலிலும் என் கடலிலும்
மூச்சடக்கி மூழ்கி வந்தவன்
சிப்பியைத் திறந்து பார்த்துத்தான்
அதைச் சொல்லியிருப்பான்.

இரவு பெட்டியைத் திரும்ப மூடும்போது
எத்தனை ஆணி என்றார் பிஜு சார்.
இரண்டு ஆள், எட்டு என்றேன்.
முறைத்தார்.
தானே எண்ணிப் பார்த்து
48 என்று எழுதிக்கொண்டார்.