ஒரு மணி இருபத்தைந்து நிமிடம்

வரைபடத்தில் என் கட்டைவிரல் நீளம்.
விமானியின் தாளில் முந்நூற்று எண்பத்தைந்து கிலோமீட்டர்,
எதிர்க்காற்று இல்லையென்றால்
ஒரு மணி இருபத்தைந்து நிமிடம்.

கடிகாரத்தைக் கேட்டால் வேறு சொல்லும்.
அவ்யுயித்துக் எங்களுக்கு ஒரு மணி நேரம் முந்திய ஊர்.
முந்தி விடிகிற ஊர் என்று சொல்ல வந்தேன்,
நவம்பரில் இரண்டு ஊரும் விடிவதில்லை.
இங்கே பத்துக்குக் கிளம்பினால்
அங்கே பன்னிரண்டு இருபத்தைந்து.
அங்கே ஒன்றுக்குக் கிளம்பினால்
இங்கே ஒன்று இருபத்தைந்து.
போவது ஏற்றம், வருவது சறுக்கு
என்பான் பிஜமினி, ரேடியோவில்.

நான் கவ்சுயித்துக் முனை. அவன் அந்த முனை.
பதினொரு வருடமாக
மேகத்தின் உயரத்தைச் சொல்லிக்கொள்கிறோம்,
காற்றின் திசையை, கண்ணுக்கு எட்டும் தூரத்தை,
ஓடுபாதையில் கரடி உண்டா என்பதை.
'ஐந்து' என்று சொல்லும்போது மட்டும்
அவன் குரலில் ஒரு கரகரப்பு.
சளியா சிரிப்பா, இன்னும் தெரியாது.

எங்கள் பொருள்கள் சந்தித்திருக்கின்றன.
என் நீல பிளாஸ்க்
இரண்டு குளிர்காலம் அவன் மேசையில் இருந்தது.
அவன் அக்கா தைத்த கையுறையில்
இடது கை ஒரு புதன்கிழமை வந்தது.
வலது கை
பத்து நாள் பனிமூட்டத்துக்குப் பிறகு.

நாங்கள்தான் சந்திக்கவில்லை.
விமானம் பறக்க வேண்டுமென்றால்
இரண்டு முனையிலும் ஆள் வேண்டும், அவ்வளவுதான் காரணம்.
நிறைமாதப் பெண்களை, பல் மருத்துவரை,
ஸ்னோமொபைலின் உடைந்த எஞ்சினை,
முட்டை அட்டைகளை
ஒருவர் அனுப்ப ஒருவர் வாங்கினோம்.

ஏப்ரலில் எனக்கு மாற்றாள் வந்தாள்.
ரோடா, இருபத்திரண்டு வயது, நகம் கடிப்பவள்.
எடைமேடையில் நானே ஏறினேன்,
பூட்ஸோடு எழுபத்தொன்று என்று நானே எழுதினேன்.

டெவன் தீவின் பனிமுடிமேல்
எங்கள் நிழல் ஓடியது, ஒரு காக்கையளவு.
ஒரு மணி பதினெட்டாவது நிமிடத்தில்
விமானி காதுக்கருவியைக் கழற்றி
பின்னால் என்னிடம் நீட்டினார்.
பிஜமினி சொல்லிக்கொண்டிருந்தான்:
மலை மூடிவிட்டது.
மலை மூடிவிட்டது.
பொய் சொல்லத் தெரியாதவன்,
அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறான்.

ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார் விமானி.
மேகம் ஓரிடத்தில் கிழிந்தது.
ஆரஞ்சுக் காற்றுப்பை, எண்ணெய் பீப்பாய்கள்,
கதவருகே தொப்பியில்லாமல் ஓர் ஆள்.
காற்று எங்கிருந்து என்று பார்ப்பவன்போல
முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.
வழுக்கை.
பதினொரு வருடத்தில் அதை அவன் சொன்னதேயில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு எங்கள் ஊரில் இறங்கினோம்.
படிவத்தில் 'சேருமிடம்' என்ற கட்டத்தின்மேல்
பேனாவை வைத்துக்கொண்டு
ரோடா என்னைப் பார்த்தாள்.
கவ்சுயித்துக் என்றே எழுது, என்றேன்.
மேலே அதைத்தானே எழுதியிருக்கிறோம், என்றாள்.
கீழேயும் எழுது.

அடுத்த புதன், வழக்கம்போல:
மேகம் மூவாயிரம் அடி. காற்று வடமேற்கு, எட்டு.
பார்வை,
கொஞ்சம் நிறுத்தினான்,
பதினைந்து மைல்.

பதிவு செய்துகொண்டேன், என்றேன்.
பிறகு, பொத்தானை விடாமல்:
வெளியே போனால் தொப்பி போட்டுக்கொள்.