கூக்கால் பிரிவு

வண்டியை மூன்று அங்குலம் தூக்கியது நான்தான்.
ஓடையில் இறங்கும்போதெல்லாம்
வயிற்றில் கல் அடிக்கிறதென்று
பட்டைக்கு மேல் பட்டை போட்டு
டயரையும் பெரிதாக்கி
ஏறுகிற பெண்களையெல்லாம்
முழங்கால்வரை சேலையைத் தூக்கவைத்ததும் நான்தான்.

சாக்கை மட்டும் மாற்றவில்லை.
காசு அத்தோடு தீர்ந்திருந்தது.

பின்பக்கச் சாக் இரண்டும்
நுனிக்காலில் நிற்கும் பிள்ளை மாதிரி
எந்நேரமும் முழுசாய் நீண்டே கிடந்தன.
குழியில் சக்கரம் இறங்கினால் டொக்.
போன வெள்ளிக்கிழமை
அந்த டொக்கும் நின்றுபோய்
எண்ணெய் மட்டும் சொட்டியது.

மூஞ்சிக்கல் பட்டறையில் இன்னாசி
மூன்று ஜோடி எடுத்துப் போட்டார்.
கேஸ் அடைத்தது:
"கல்லு மாதிரி நிக்கும். ஆளில்லாமப் போனா
உன் முதுகெலும்ப எண்ணிக் காட்டும்."
லாரிக்கு வந்ததை வெட்டி ஒட்டியது:
"வெல பாதி. மிச்சத்த நான் சொல்லல."
மூன்றாவதின் இடுப்பில் ஒரு திருகு, எட்டுப் படி.
அதன் விலையைச் சொல்லாமல்
துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

தூக்கினது மூணு, அப்ப மூணு கூட நீளமாக் குடுங்க என்றேன்.
"நீளுறத மட்டும் பாத்து வாங்கினா
மடங்க எடமிருக்காது.
ஒரு நாள் பிராக்கெட்டப் பேத்துக்கிட்டு மேல வரும்."
ஒரு சக்கரத்தைத் தொங்கவிட்டு அளந்தார்.
இருபத்து மூன்றேகால்.
மடங்கின அளவுக்குப் பாரம் வேண்டும்.
வெறும் வண்டி பொய் சொல்லுமாம்.

ஞாயிற்றுக்கிழமை.
சந்தையில் பூண்டை விற்றுவிட்டு
என் வண்டிக்காகவே நின்றிருந்தார்கள்.
குருவம்மா ஏறினாள், பேச்சி ஏறினாள்,
இரட்டைப் பிள்ளைகளோடு சின்னக்காளி,
பிறகு விற்காத இரண்டு மூட்டை.
பூண்டு எடுத்த வியாபாரியின் தராசைப் பற்றி
மேலே பேச்சு முற்றிக்கொண்டிருக்க
கீழே மல்லாந்த இன்னாசி, "அசையாதீங்க" என்றார்.
அசைந்தார்கள்.
கால் அங்குலம் ஏறியது, இறங்கியது.
"யாரு எடைய எழுதுற அங்க?" என்றாள் பேச்சி.
ரப்பர் முட்ட மிச்சமிருப்பதைக் கழித்து
சுவரில் சாக்பீஸால் எழுதினார்: 14.

இரண்டு அளவும் பொருந்தியது ஒன்றுக்குத்தான்.
விலையைச் சொன்னார்.
நான் தவணையைச் சொன்னேன்.

பூம்பாறை தாண்டியதும் மேகம் இறங்கிவிட்டது.
விளக்கைப் போட்டால் பால், அணைத்தால் கரி.
அங்கே நான் ரோட்டைப் பார்ப்பதே இல்லை,
சீட்டில் உட்கார்ந்தபடி எண்ணிக்கொண்டு போவேன்.
தைலமரத்து வேர், ஒரு தூக்கு.
குழாய்ப்பாலம், இரண்டு தட்டு.
பிறகு பல் கிட்டிக்கும் உடைந்த தார்.
அதில் இடது ஒடித்தால் கூக்கால்.

இன்றைக்கு எதுவும் வரவில்லை.
சின்னக்காளியின் பிள்ளைகள் தூங்கிவிட்டன,
இந்த வண்டியில் முதல்முறையாக.
யாரும் முருகா என்றுகூடச் சொல்லவில்லை.

ஆட்டு வாடை அடித்தபோதுதான்
மன்னவனூர் வந்துவிட்டது தெரிந்தது.

"நல்ல வண்டிதான்டி," என்றாள் பேச்சி,
"வீட்டுக்குத்தான் போகமாட்டேங்குது."

போன் வெளிச்சத்தோடு அடியில் புகுந்தேன்.
முதுகெல்லாம் ஈரம்.
இன்னாசி மூன்றில் வைத்திருந்தார்.
நான்கு. ஐந்து. ஆறு.
வெளியே வந்து பிள்ளைகளைப் பார்த்தேன்.
மறுபடி புகுந்து ஒரு படி குறைத்தேன்.
அந்தப் பக்கத்துக்கும் அதே ஐந்து.

திரும்பி வரும் வழியில்
எந்த மரமும் தெரியவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து
சீட்டுக்கடியில் யாரோ பூண்டு உரிப்பதுபோல
உடைந்த தார் வந்தது.

கண்ணைத் திறக்காமலே குருவம்மா சொன்னாள்:
"இந்தப் பக்கமிருந்து வந்தா வலது. ஒடி."