ஜெனோவாவின் குளியலறை

சாலைக் கம்போளத்தில் வாங்கினேன்
கயிறு சுற்றிய கண்ணாடி ஒன்று
பிளாஸ்டர் நட்சத்திர மீன் மூன்று
நீலம் அடித்த பலகையொன்றில்
'கடல் இந்தப் பக்கம்' என இங்கிலீஷில் எழுதி
கீழே ஓர் அம்பு.
முந்நூற்றைம்பது என்றான்
இருநூறுக்கு விட்டான்.

ஹாலில் ஏற்கெனவே இருந்த ஆணியில் மாட்டினேன்.
அம்பு அடுக்களையைக் காட்டியது.

நாற்பது நாள் கழித்து
முனம்பத்தில் கரையேறி பஸ் பிடித்து வந்த கிளீட்டஸ்
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
மகளிடம் அர்த்தம் கேட்டான்.
"கடலு நம்ம சாளைச் சட்டியிலயாக்கும் கெடக்கு?"
கழற்றித் திருப்பி மாட்டினான்.
இப்போது எழுத்தெல்லாம் தலைகீழ்
திசை மட்டும் சரி.

அந்தத் திசையில் மூன்று கிலோமீட்டர்,
ரப்பர் மரங்கள் தாண்டி, சர்ச் தாண்டி
நீரோடி.
எங்கள் பழைய வீடு நின்ற இடத்தில்
இரண்டாள் ஆழம்.
புது வீட்டில் அலை கேட்காது.
முதல் மாதம் தூங்குவதற்காக
மார்கழிக் குளிரிலும்
ஃபேனை ஐந்தில் வைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து இறங்குவோம்.
எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் பொழியூர்
ஒரே மணல், ஒரே நாய்கள்.
நாம் கல் போட்டால் அவர்கள் மண் போகிறதாம்
அவர்கள் போட்டால் நம்முடையது.
ரெக்ஸிலின் சோழி பொறுக்குவாள்
முறுக்கு மட்டும் மிஞ்சிய சங்கு
யாரோ வலையில் இழந்த மிதப்பு
படித்தறிய முடியாத எழுத்துள்ள ஒற்றைச் செருப்பு.
எனக்கு வேண்டியது வேறு.

தரையோடுகள்.
விளிம்பு மழுங்கி
சப்பித் துப்பிய மிட்டாய் மாதிரி
ஈர மணலில் மினுங்கும்.
பச்சையில் வெள்ளைப் பூ: டெல்பின் மதினியின் அடுக்களை.
சிவப்பு ஆக்சைடு: டியூஷன் நடந்த வராந்தா.
மஞ்சளில் கறுப்புப் புள்ளி
நானே ஆறு வருஷம் துடைத்தது.
பிறகு ஒரு நாள்
நீலத்தில் பாதி டால்பின்,
மூக்கும் கண்ணும் மட்டும்.

அது ஜெனோவாவின் குளியலறை.
கத்தார் பணத்தில் பதித்தது.
பால்காய்ச்சுக்கு வந்தவர்களை எல்லாம்
முதலில் அங்கேதான் கூட்டிப் போனாள்.
செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்று
பார்த்தோம்.

வெள்ளைச் சிமெண்ட் குழைத்து
கண்ணாடியைச் சுற்றி எல்லாவற்றையும் ஒட்டினேன்
இடையிடையே சோழி, சிப்பி.
நட்சத்திர மீன்களைப் பரணில் போட்டேன்.
எவருடையது என்று பிடிபடாத
வெறும் வெள்ளைத் துண்டு ஒன்று மிஞ்சியது
அதைக் கீழ் மூலையில்.

கொஞ்சம் தண்ணீர் கூடிப்போனது.
சிமெண்ட் காய்வதற்குள்
பாறசாலை வாடகை வீட்டிலிருந்து
ஜெனோவா வந்தாள்
ஓணத்துக்கு முந்தின வியாழன்
கையில் ஏத்தன்பழம்.

கண்ணாடியில் முகம் பார்க்கப் போனவள்
முகத்தைப் பார்க்கவில்லை.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
"என் குளிமுறிய
ஊரு பாக்க ஹால்ல தொங்க விட்டிருக்கியே
வெக்கங் கெட்டவளே!"
சிரித்தாள்.
சிரித்துச் சிரித்து
நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள்.
"வாலு எங்க?"
கிடைக்கவில்லை என்றேன்.
அவள் நம்பவில்லை.
ஒவ்வொரு துண்டாக விரல் வைத்துப் பார்த்தாள்
டெல்பின் மதினியைத் தொட்டாள்
வராந்தாவைத் தொட்டாள்
என் வீட்டை இரண்டு முறை.

நான் சாயா போட உள்ளே போனேன்.
பால் பொங்கும் நேரம்தான்.

அவள் பஸ் ஏறிப் போன பிறகு பார்க்கிறேன்
டால்பின் அங்கேயே இருக்கிறது
மூக்கும் கண்ணுமாக.
கீழ் மூலையில் வெள்ளையைக் காணோம்.
அது கிடந்த குழியில்
இன்னும் இறுகாத சிமெண்டில்
பிறை மாதிரி ஒரு நகம்.

பரணிலிருந்து நட்சத்திர மீன் எடுத்து வந்து
ரெக்ஸிலின் அளவு பார்த்தாள்.
கச்சிதமாகப் பொருந்தியது.
"வேண்டாம் மக்ளே" என்றேன்.
"அங்க ஆளு உண்டு."